பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

ஒரே ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்துவிட்டு, அடுத்த தேர்தலில் டெபாசிட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பிய ஆசாமி நான். ஊழல், அரசுச் செலவு பற்றி இவரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஆசிரியர் சென்ற இதழில் போட்டுவிட்டார். ஒரு கட்டுக் கடிதம் வந்து இறங்கியிருக்கிறது. பாதிப் பேர் ‘பெயர் போடாதீர்கள்’ என்று எழுதியிருப்பதால் யாருக்குமே பெயர் போடவில்லை. ஊர் மட்டும்.

*மயிலாடுதுறை வாசகர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் ஐயா. பதவியில் இருந்தபோது நீங்கள் பணம் வாங்கினீர்களா, இல்லையா?*

கையில் வாங்கவில்லை. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பொய் சொன்னதாகிவிடும்.

எங்களுக்கு சிமென்ட், கம்பிக் கடை. அப்பா ஆரம்பித்தது. நான் ஜெயித்த பிறகு சென்னை, தொகுதி என்று அலைந்துகொண்டிருந்ததால் கடையை என் மனைவி பார்த்துக்கொண்டார். எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேரேட்டைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “இவங்கல்லாம் யாருங்க?” என்றார்.

பக்கம் பக்கமாக ஒப்பந்ததாரர்கள். அதுவரை எங்கள் கடைக்கு வந்தவர்கள் வீடு கட்டுகிறவர்களும் மேஸ்திரிகளும்தான். ஐந்து மூட்டை, பத்து மூட்டை, மீதியைப் பொங்கலுக்குத் தருகிறேன் என்கிற வியாபாரம். இப்போது லோடு லோடாகப் போகிறது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சிறுபாலம், சிமென்ட் சாலை. இருபது கிலோமீட்டர் தள்ளி வேலை நடக்கிறது. அந்த ஊரிலேயே மூட்டை இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கும். அதை விட்டுவிட்டு வண்டி வாடகை கொடுத்து எங்களிடம் வந்து வாங்குகிறார்கள். ரொக்கம். பேரமும் இல்லை. “பேரம் பேசாம கம்பி வாங்குறவனை நான் இந்தக் கடையில பார்த்ததே இல்லை” என்றார் மனைவி.

நான் யாரையும் கேட்கவில்லை. அவர்களும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஒருவர் கட்டிய சிறுபாலத்தில் ஆறே மாதத்தில் விரிசல் விட்டதாக ஊர்க்காரர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். வழக்கமாக அன்றைக்கே உதவிப் பொறியாளருக்கு எழுதி அனுப்புகிறவன், அந்த மனுவை மட்டும் மூன்று நாள் ஜோல்னாப் பையிலேயே வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் வேலை அதிகம் என்று சொல்லியிருப்பேன். நம்பியும் இருப்பேன்.

அரசு வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கு இனி நம் கடையில் சரக்கு கிடையாது என்று முடிவெடுத்தோம். வியாபாரம் பாதியாகப் படுத்தது. என் மச்சான் ஆறு மாதம் பேசவில்லை. இதில் பெரிய வேடிக்கை, ஒப்பந்ததாரர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது. ‘எம்.எல்.ஏ. ரேட்டை ஏத்துறார்’ என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருவர் நேராகவே வந்து, “சிமென்ட் வேணாம்னா வேற எப்படின்னு சொல்லுங்கண்ணே” என்றார்.

இதற்குப் புத்தகத் தமிழில் ‘நலன் முரண்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், ஒருத்தருக்கும் புரியாது. என் அப்பா இதையே பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார். மயிலாடுதுறைக்காரரே, நீங்கள் கேட்டது பூனையைப் பற்றி. எனக்கு விவரம் சொல்லத் தெரிந்தது தோழமையைப் பற்றித்தான்.

*திருச்சி, சட்டக் கல்லூரி மாணவர்: அரசு ஒப்பந்தம் எடுத்தால் எம்.எல்.ஏ. பதவி போய்விடும் என்று சட்டம் இருக்கிறதே. உங்கள் கடை அதில் மாட்டாதா?*

மாட்டாது தம்பி. வம்பே அங்கேதான். நீங்கள் சொல்வது 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. ஒருவர் தன் தொழிலின் பேரில் அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு, சரக்கு கொடுப்பதாகவோ வேலை செய்து முடிப்பதாகவோ ஒப்புக்கொண்டு, அந்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை. நான் அரசோடு எந்த ஒப்பந்தமும் போடவில்லை. அரசு ஒப்பந்ததாரருக்கு மூட்டை விற்றேன். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறார் என்பதாலேயே சட்டத்துக்கு என் கடை தெரியாது. மனைவி, மச்சான், மருமகன் பெயரில் இருக்கிற நிறுவனமும் அதற்குத் தெரியாது.

அமைச்சர்களுக்கு 1964இல் மத்திய அரசு கொண்டுவந்த நடத்தை விதிகளில் குடும்பத்தாரின் வியாபாரம் பற்றி ஒரு வாசகம் உண்டு. அந்த அரசுக்குச் சரக்கு கொடுக்கிற தொழிலை அமைச்சரின் குடும்பத்தார் தொடங்கக் கூடாது, பங்கெடுக்கக் கூடாது என்கிறது. வழக்கமான சந்தை விலை வியாபாரத்துக்கு மட்டும் விலக்கு. படிக்க நன்றாக இருக்கும். மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் முதலமைச்சர், பிரதமர் பார்த்துக்கொள்வார் என்கிற இடத்தில் வந்து நிற்கும். மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நலன்களைப் பதிவு செய்ய ஒரு பதிவேடு இருக்கிறது. சம்பளம் வரும் இயக்குநர் பதவி, கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்கு, ஆலோசனைக் கட்டணம் என்று ஐந்து தலைப்புகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு தாளைக் கொடுத்து ‘சிமென்ட் கடை’ என்று எழுத வைத்திருந்தால், அந்தப் பேரேட்டை முதல் மாதமே நானே புரட்டியிருப்பேன்.

*கரூர் வாசகர்: கமிஷன் எத்தனை சதவீதம்?*

இந்தக் கேள்வியைக் கேட்கிற தொனியிலேயே ஜி.எஸ்.டி. மாதிரி அதற்கும் ஓர் அட்டவணை இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். ஒப்பந்ததாரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், எஸ்டிமேட்டிலேயே அதற்கு இடம் விட்டுத்தான் விலை போடுகிறார்கள். நான் ஒரு எண்ணைச் சொன்னால் நாளைக்கு அது குறைந்தபட்ச விலையாகிவிடும். விடுங்கள்.

*பட்டுக்கோட்டை வாசகி: தொகுதி நிதி என்று வருடத்துக்கு 3 கோடி ரூபாய் எம்.எல்.ஏ. கைக்கு வருகிறதாமே. அதில் என்ன செய்தீர்கள்?*

கைக்கு ஒரு ரூபாய்கூட வராதம்மா. எம்.எல்.ஏ. இந்த இடத்தில் இந்த வேலை செய்யலாம் என்று ஆட்சியருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். அப்புறம் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் அதிகாரிகள் கையில். எம்.பி. நிதியும் அப்படித்தான். 1993இல் ஓர் எம்.பி.க்கு 5 லட்சம் ரூபாயில் தொடங்கி, 2011 முதல் வருடத்துக்கு 5 கோடி என்று வந்து நிற்கிறது. என் காலத்தில் தொகுதி நிதி நீங்கள் சொல்லும் தொகையில் பாதிகூட இல்லை.

பணம் கைக்கு வராது என்பதால் தப்பு நடக்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். பதவிக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு கிராமத்தில் நிழற்குடை கட்டப் பரிந்துரைத்தேன். இடம் எது என்று என் ஒன்றியக் கட்சிக்காரர் காட்டினார். நான் காரில் இருந்தபடியே தலையாட்டினேன். கட்டி முடித்துத் திறந்தும் வைத்தாயிற்று. கல்வெட்டில் என் பெயர் எவ்வளவு பெரிது என்றால், ஊர்ப் பெயரைக் கீழே தேட வேண்டும்.

நாலு மாதம் கழித்து வேறொரு துக்கத்துக்காக அந்த ஊருக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். நிழற்குடை மேற்குப் பார்த்து நிற்கிறது. வெயில் முழுக்க உள்ளே அடிக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் எல்லாரும் நிழற்குடைக்குப் பின்பக்கம், சுவரின் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்தது. பஸ் நிற்பது அங்கே இல்லை, ஐம்பது தப்படி தள்ளிப் புளியமரத்தடியில். நிழற்குடைக்கு நேர் பின்னால் இருந்த காலிமனை யாருடையது என்று விசாரித்தேன். இடம் காட்டிய அதே ஒன்றியத்துக்காரருடையது. மனைக்கு முன்னால் அரசுக் கட்டடம் வந்தால் யாரும் ஆக்கிரமிக்க மாட்டார்கள், சாலை ஓரத்துக்கு மதிப்பும் கூடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

இதில் யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. டெண்டர் ஒழுங்கு. அளவுப் புத்தகத்தில் எழுதியதும் கட்டியதும் சரியாக இருந்தது. தணிக்கைக்காரர் வந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்ணுக்கு முன்னால் நிற்கிற அந்தக் கட்டடம் மட்டும் யாருக்கும் நிழல் தராது. லஞ்சம் வாங்கிக் கட்டிய நல்ல பாலத்தையும், லஞ்சமே வாங்காமல் கட்டிய இந்த நிழற்குடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மோசம் என்று யாராவது கேட்டால், எனக்குச் சட்டென்று பதில் வராது.

*நாமக்கல், சிறு ஒப்பந்ததாரர்: இப்போது எல்லாம் ஆன்லைன் டெண்டர். இன்னுமா முன்கூட்டியே ஆள் முடிவாகிறது?*

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை, ஆனால் மற்ற வாசகர்களுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 1998லேயே ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. 2000இல் விதிகளும் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நல்ல சட்டம்தான். அந்தக் காலத்தில் டெண்டர் பெட்டிக்கு முன்னால் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், தாண்டிப் போய்க் கவரைப் போட முடியாது. ஆன்லைன் வந்து அந்த நாற்காலியை எடுத்துவிட்டது உண்மை.

ஆனால் நாற்காலி இப்போது நிபந்தனைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேலை நடக்கும் இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் தார்க் கலவை ஆலை சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வட்டத்துக்குள் ஆலை வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். அல்லது பத்து ஊராட்சிகளின் பத்துச் சின்ன வேலைகளை ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவது. உங்களைப் போன்றவர் ஐந்து லட்சம், பத்து லட்சம் வேலைக்குத் தகுதியானவர். பொட்டலம் 3 கோடி ஆகிவிட்டால் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். ஒரு டெண்டர் அறிவிப்பைப் பார்த்ததும் விலையைப் பார்க்காதீர்கள். தகுதி நிபந்தனைகளைப் படித்து, நம் மாவட்டத்தில் யாருக்கெல்லாம் இது பொருந்தும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பெயரோடு பட்டியல் முடிந்துவிட்டால், அப்புறம் டெண்டர் எதற்கு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

*கோயம்புத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இதற்காக உண்மையாகவே பதவி இழந்த மக்கள் பிரதிநிதி யாராவது உண்டா? அல்லது எல்லாம் பேச்சுதானா?*

உண்டு ஐயா. சிலவற்றை நான் மறக்க முடியாதபடி படித்திருக்கிறேன்.

குடியரசுக்கு ஒன்றரை வயதுகூட ஆகாத சமயம், 1951. எச்.ஜி. முத்கல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காக அவையில் வேலை பார்த்தார் என்று புகார். அவர் காங்கிரஸ்காரர், ஆளுங்கட்சி. நேருவே தீர்மானம் கொண்டுவந்து விசாரணைக் குழு போட வைத்தார். குழு குற்றம் உண்மை என்றது. வெளியேற்றுகிற தீர்மானம் வருவதற்குள் முத்கல் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். அவை அதையும் விடவில்லை. இவர் வெளியேற்றத்துக்குரியவர், முந்திக்கொண்டு ராஜினாமா செய்ததும் அவமதிப்புதான் என்று தீர்மானம் போட்டது.

அந்த விசாரணைக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் அவரே நிதியமைச்சர். அப்போதுதான் பிறந்திருந்த எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்கிற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. நொடித்துப்போய்க்கொண்டிருந்த கம்பெனிகள். மக்களவையில் இதைக் கிளறியவர் பெரோஸ் காந்தி. அவரும் ஆளுங்கட்சிதான், பிரதமரின் மருமகன் வேறு. நீதிபதி சாக்ளா விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் வைத்துச் சில வாரங்களில் முடித்துக் கொடுத்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா. பிற்பாடு திரும்பவும் நிதியமைச்சராகி, 1965 கடைசியில் குடும்பத் தொழில் சம்பந்தமான புகார்களைத் தொடர்ந்து இன்னொரு தடவையும் விலகினார். திறமைசாலி, நாட்டுக்கு நிறையச் செய்தவர், நான் அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. முத்கலை விசாரித்த மனிதருக்கே கோடு எங்கே இருக்கிறது என்பது தன் வீட்டு விஷயத்தில் சர்ச்சையாகிவிட்டது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

சிமென்ட் வியாபாரியாக எனக்கு நெருக்கமான வழக்கு அந்துலேயுடையது. சிமென்ட் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பெர்மிட் இருந்தால்தான் மூட்டை. அப்பா கடையில் பெர்மிட் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பது என் வேலை. மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, தன் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்த கட்டுமானக்காரர்களுக்குச் சிமென்ட் ஒதுக்கினார் என்பது குற்றச்சாட்டு. பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 1982 ஜனவரியில் பதவி விலகினார். நன்கொடை, அறக்கட்டளை, ஒதுக்கீடு, எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் மரியாதையான சொற்கள். அந்த வழக்கில்தான் 1984இல் உச்ச நீதிமன்றம், எம்.எல்.ஏ. என்பவர் தண்டனைச் சட்டப்படி ‘பொது ஊழியர்’ இல்லை என்றது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் பொது ஊழியர், எம்.எல்.ஏ. இல்லை!

1988இல் புது ஊழல் தடுப்புச் சட்டம் வந்து நிலைமை மாறியது. 1998இல் ஜே.எம்.எம். (ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா என்ற கட்சி) லஞ்ச வழக்கில், நாடாளுமன்ற உறுப்பினர் அந்தச் சட்டப்படி பொது ஊழியர்தான் என்றார்கள். அதே தீர்ப்பு, பணம் வாங்கிக்கொண்டு அவைக்குள் ஓட்டுப் போட்டவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் கொடுத்தது. பணம் வாங்கி, சொன்னபடி ஓட்டுப் போட்டால் தப்பிக்கலாம். வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடாமல் ஏமாற்றினால் மாட்டிக்கொள்வார். லஞ்சத்திலும் நாணயம் வேண்டும் என்று சட்டமே சொன்ன மாதிரி. அந்தக் கூத்து முடிவுக்கு வர 2024 மார்ச் 4 வரை ஆயிற்று. ஏழு நீதிபதிகள் சேர்ந்து அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். இடையில் 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியது கேமராவில் பதிவானதால் 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

காமராசர், கக்கன் கதைகளை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்களுக்கே தெரியும். அவர்களைச் சொல்லிவிட்டு நம்மை மறந்துவிடுவது நமக்கு ரொம்பப் பழகிவிட்டது.

*தஞ்சாவூர் வாசகி: ஓட்டுக்குப் பணம் வாங்கிய நாங்கள் எந்த முகத்தோடு எம்.எல்.ஏ.வைக் கேள்வி கேட்பது?*

உங்கள் ஊரிலும் அரவக்குறிச்சியிலும் 2016இல் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். மறுபடி 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. அதனால் இந்தக் கேள்வி தஞ்சாவூரிலிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. தாராளமாகக் கேளுங்கள் அம்மா. நீங்கள் வாங்கியது தப்பு. அதற்காக உங்கள் தெருச் சாக்கடையை அள்ள வேண்டிய கடமை அவருக்கு இல்லாமல் போகாது.

ஆனால் வாக்காளருக்குக் கொடுக்கிற பணத்தைவிட இன்னொரு பணம் எனக்குப் பயம். இப்போது சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். நாற்காலி வாடகை, டீ, வடை எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகம் விலைப்பட்டியல் போட்டுக் கொடுக்கும், அதன்படி கணக்கு எழுத வேண்டும். நான் கொடுத்த கணக்கு வரம்புக்குள்தான் இருந்தது, எழுதியதெல்லாம் உண்மை. எழுதாதது என்னவென்றால், என்னைக் கேட்காமலே மற்றவர்கள் செய்த செலவு. ஒருவர் வேன் கொடுத்தார். ஒருவர் இரண்டு பூத்துக்குச் சாப்பாடு போட்டார். “அண்ணே, இதெல்லாம் கணக்கா? பாசம்ணே” என்றார்கள். நானும் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜெயித்த மூன்றாம் மாதத்திலிருந்து பாசம் ஒவ்வொன்றாக வந்தது. வேன்காரருக்கு மருமகளைச் சொந்த ஊருக்கு மாற்ற வேண்டும், செவிலியர் வேலை. சாப்பாடு போட்டவருக்கு மணல் விஷயத்தில் தாசில்தாரிடம் ஒரு வார்த்தை. மாறுதல் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணால் இடம் இழந்து மலைப்பகுதிக்குப் போனவர் யார் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. தாசில்தாரிடம் பேசவில்லை. அடுத்த தேர்தலில் சாப்பாடு எதிர்க்கட்சி பூத்தில் போடப்பட்டது.

*சேலம் வாசகர்: டி.வி., மிக்ஸி, கிரைண்டர் என்று அள்ளிக் கொடுத்துத்தானே மாநிலம் கடனில் இருக்கிறது?*

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றது. எங்கள் தெருவில் அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர், “நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?” என்று என் வீட்டுக்கே வந்துவிட்டார். கவலைப்பட வேண்டிய எண்தான். அந்த எண்ணில் மிக்ஸியின் பங்கு எவ்வளவு, நஷ்டத்தில் ஓடும் மின்வாரியத்தின் பங்கு எவ்வளவு, வசூலிக்காமல் விட்ட வரி எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறவர்கள்தான் குறைவு.

இலவசம் கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. மதியச் சாப்பாட்டையும் ஒருகாலத்தில் வீண் செலவு என்றார்கள். இலவசத் தொலைக்காட்சி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமும், தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றுதான் சொன்னது. என் கேள்வி வேறு. லட்சக்கணக்கில் ஒரே பொருளை வாங்குகிறபோது என்ன விலைக்கு, யாரிடம், என்ன தரத்துக்கு வாங்கினார்கள்? கொடுப்பதைப் பற்றி ராத்திரி முழுக்க டி.வி.யில் சண்டை நடக்கிறது. வாங்கியதைப் பற்றிச் சட்டசபையில் மானியக் கோரிக்கையின்போது கேட்டால் அரை நிமிடத்தில் மணி அடித்துவிடும்.

*விருதுநகர் வாசகர்: சி.ஏ.ஜி. அறிக்கையில் முறைகேடு என்று வருகிறது. அப்புறம் என்ன ஆகிறது?*

சி.ஏ.ஜி., அதாவது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற தலைமை அதிகாரி, தருகிற அறிக்கை ஆளுநருக்குப் போகும். அவர் அதை அவையில் வைக்கச் செய்வார். பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாள், எல்லாரும் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது. அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்கு வரும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் அதற்குத் தலைவராக இருப்பது மரபு. நல்ல ஏற்பாடு.

நான் ஒரு வருடம் எங்கள் சட்டசபையின் அந்தக் குழுவில் இருந்தேன். பெரிய மேஜை, தடித்த சிவப்புக் கோப்புகள், நல்ல முந்திரி பக்கோடா. ஒரு மருத்துவமனைக்கு வாங்கிய கருவியைப் பிரிக்காமலே பெட்டியோடு வைத்திருந்தார்கள் என்று ஒரு பத்தி. செயலாளர் எழுந்து விளக்கம் சொன்னார்: அறை கட்ட நிதி வரவில்லை, மின் இணைப்புக்குத் தாமதம். வாங்கிய அதிகாரி ஓய்வுபெற்றுவிட்டார், அவருக்கு மேலே இருந்தவர் காலமாகிவிட்டார். ‘இப்போது கருவி எப்படி இருக்கிறது?’ என்று கேட்டேன். செயலாளர் பின்னால் திரும்பினார், பின்னால் இருந்தவர் அவருக்குப் பின்னால் திரும்பினார். கடைசி வரிசையில் இருந்த ஓர் இளம் பெண் அதிகாரிக்கு மட்டும் தெரிந்திருந்தது. “உத்தரவாதக் காலம் முடிஞ்சிடுச்சு சார்” என்றார். செலவு நடந்து ஏழு வருடம். எங்கள் பரிந்துரைக்குப் பதில் வருவதற்குள் என் பதவிக் காலமும் முடிந்துவிட்டது.

*அறந்தாங்கி, இளைஞர்: எங்கள் ஊர்ச் சாலை போட்டு ஒரு மழைக்குள் பெயர்ந்துவிட்டது. யாரிடம் போவது?*

யாரிடமும் போவதற்கு முன்பு 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை வாங்குங்கள். 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, எஸ்டிமேட்டின் நகலும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேளுங்கள். எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அதில் கையெழுத்தோடு இருக்கும். அந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: காகிதம் மட்டும் இல்லை, வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. 2(ஜே) பிரிவு. ‘மாதிரி வேண்டும்’ என்று எழுதினாலே பல இடங்களில் ரோலர் தானாகத் திரும்பி வரும். நகல் கிடைத்ததும் கிராம சபையில் எழுந்து படியுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. கூட்டம் முடிகிற நேரத்தில் இல்லை, டீ வருவதற்கு முன்னால் படியுங்கள்.

*கடைசியாக, என் சொந்த ஊரிலிருந்து ஒரு வாசகர்: எல்லாம் சரி. உங்கள் கடைப் பலகையில் இன்னமும் உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘முன்னாள் எம்.எல்.ஏ.’ என்று எழுதியிருக்கிறதே, அது எதற்கு?*

கடையை இப்போது மகன் பார்க்கிறான். போர்டு அவன் வைத்தது. நான் தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், அதனால் எனக்கு அது கண்ணில் படவில்லை என்று சொல்லப் பார்த்தேன். இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். பெயின்டருக்குப் போன் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.